உடலைப் படிக்க எங்கே தொடங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மருத்துவக் கல்லூரிக்குப் போகாமல், வீட்டிலிருந்தே உடற்கூறியலும் உடலியங்கியலும் படிக்க ஆசைப்படுகிறவர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில். முதல் பதில் கொஞ்சம் நீளம், ஏனென்றால் மற்றவர்கள் கேட்டதில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கிறது.

கேள்வி: நான் பி.காம். படித்தவள். இப்போது யோகா ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். உடலைப் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ளாமல் பிறர் உடம்பை வளைக்கச் சொல்லப் பயமாக இருக்கிறது. பெரிய கிரேஸ் அனாடமி புத்தகமே வாங்கிவிட்டேன். ஆனால் எலும்புப் பெயர்களிலேயே நின்றுவிட்டேன். 206 எலும்பையும் மனப்பாடம் செய்யாமல் மேலே போக முடியாதா?
– வாசகி, திண்டுக்கல்

முடியும். மேலே போகத்தான் வேண்டும். அந்தப் புத்தகத்தை இப்போதைக்கு அலமாரியில் வைத்துவிடுங்கள். 1858-ல் ஹென்றி கிரே எழுதி, ஹென்றி வான்டைக் கார்ட்டர் படம் வரைந்து வெளிவந்தபோது அது மாணவர்களுக்கான புத்தகம்தான், ஆனால் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகப் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, இன்றைக்கு அறுவை சிகிச்சை நிபுணர் சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கிற கலைக்களஞ்சியமாகிவிட்டது. அதை முதல் பக்கத்திலிருந்து படிப்பது அகராதியை அகர வரிசையில் படித்து ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள முயல்வது மாதிரி.

எலும்பிலிருந்து ஆரம்பிப்பது கல்லூரி வழக்கம். அங்கே அதற்கு வசதி இருக்கிறது: கையில் எடுத்துப் பார்க்க எலும்பு இருக்கும், சந்தேகம் கேட்க ஆசிரியர் இருப்பார், விரட்டுவதற்குப் பரீட்சை இருக்கும். தனியாகப் படிக்கிறவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது, அவரைப் புத்தகத்தை மூடவிடாமல் இழுத்துப் பிடிப்பது "இது ஏன் இப்படி இருக்கிறது?" என்ற கேள்வி மட்டும்தான். அதனால்தான் அமைப்பைத் தனியாகவும் செயலைத் தனியாகவும் படிக்காதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். பெயரை மட்டும் படித்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும், காரணத்தோடு படித்த பெயர் நிற்கும்.

இதயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இடது வெண்ட்ரிக்கிளின் (அதாவது இதயத்தின் கீழறையின்) சுவர், வலது வெண்ட்ரிக்கிளின் சுவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. ஆனால் நின்று யோசியுங்கள்: இரண்டு பக்கமும் நிமிஷத்துக்கு ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன, ஓய்வில் சுமார் 5 லிட்டர். அப்புறம் ஏன் ஒன்று மட்டும் இவ்வளவு தடிமன்? வலது பக்கம் அனுப்புவது பக்கத்திலேயே இருக்கிற, எதிர்ப்புக் குறைந்த நுரையீரலுக்கு, அங்கே 25 மி.மீ. பாதரச அழுத்தம் இருந்தால் போதும். இடது பக்கம் உச்சந்தலையிலிருந்து கால் விரல் வரை அனுப்ப வேண்டும், அதற்கு 120 வேண்டும். நாம் பி.பி. பார்க்கும்போது சொல்கிற 120 இதுதான். இப்போது சுவரின் தடிமனை மறக்க முடியுமா? கூடவே, நீண்ட நாள் ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்களுக்கு இடது வெண்ட்ரிக்கிள் ஏன் இன்னும் தடித்துப்போகிறது என்பதும் யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

உங்களுக்கு யோகா என்பதால் முதுகுத்தண்டில் கட்டாயம் கொஞ்ச நாள் தங்குங்கள். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 முள்ளெலும்புகள். உடம்பைத் திருகுகிற ஆசனங்களில் இடுப்பைத் திருப்பு, இடுப்பைத் திருப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம், ஆனால் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள சிறு மூட்டுகளின் பரப்புகள் முன்னும் பின்னும் வளைவதற்குத் தோதாக அமைந்தவை, திரும்புவதற்கு அவை மிகக் குறைவாகவே இடம் தரும். திருகல் பெரும்பாலும் மார்புப் பகுதியிலும் கழுத்திலும் நடக்கிறது, கழுத்துத் திரும்புவதிலேயே ஏறக்குறைய பாதியை மேலே இருக்கிற முதல் இரண்டு எலும்புகள் பார்த்துக்கொள்கின்றன. இது தெரிந்த ஆசிரியர் மாணவியின் இடுப்பைக் கையால் பிடித்து வலிந்து திருப்ப மாட்டார். நீங்கள் பயப்படுவதாக எழுதியிருந்தீர்களே, அந்தப் பயம் மிக நல்ல பயம், அதற்கான மருந்து இந்த மாதிரி விஷயங்கள்தான். 206 பெயர்கள் அல்ல.

வரிசை கேட்டால் என் யோசனை இது. செல்லைப் பற்றி, முக்கியமாக செல் சவ்வின் வழியாகத் தண்ணீரும் உப்பும் எப்படிப் போய்வருகின்றன என்பதைக் கொஞ்சம். பிறகு இதயமும் ரத்த ஓட்டமும், அதைத் தொட்டு நுரையீரல், அதைத் தொட்டு சிறுநீரகம், மூன்றையும் ஒரே கதையாக. அப்புறம் நரம்பும் தசையும், அந்தத் தசைகள் ஒட்டியிருக்கிற எலும்புகள் அப்போது தாமாக வந்து சேரும். ஹார்மோன்களைக் கடைசிப் பக்கம் வையுங்கள், மற்ற உறுப்புகள் தெரியாமல் அது பிடிபடாது.

புத்தகத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11-ம் வகுப்பு விலங்கியல் புத்தகம் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது, செரித்தல், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, ஹார்மோன் எல்லாம் அதில் உண்டு, ஆரம்பத்துக்கு அது தாராளம். அடுத்த படிக்கு, ஆங்கிலம் ஓரளவு படிக்க முடியும் என்றால், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட 'அனாடமி அண்ட் ஃபிஸியாலஜி' என்ற பாடநூலை இணையத்தில் சட்டப்படி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 28 அத்தியாயம். அதையும் முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை.

கேள்வி: பிணத்தை அறுத்துப் பார்க்காமல் உடற்கூறியல் படிக்க முடியுமா? கணினியில் முப்பரிமாணப் படங்கள் போதுமா?
– வாசகர், ஈரோடு

உங்கள் உடம்பு கூடவே இருக்கிறதே, அதிலிருந்து ஆரம்பியுங்கள். இடது முன்கையை வலது கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இடது கை விரல்களை மட்டும் வேகமாக மடக்கி நீட்டுங்கள். முன்கை துள்ளுவது தெரியும். விரலை மடக்குகிற பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன, விரலுக்கு வருவது அவற்றின் தசைநாண்கள் மட்டும். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் நாடியில் இரண்டு விரல் வைத்து (கட்டைவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பையே எண்ணிவிடக்கூடும்) மெதுவாக, ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள், மூச்சு உள்ளே போகும்போது நாடி லேசாக வேகமாவதும் வெளியே வரும்போது தணிவதும் பலருக்கு, முக்கியமாக இளவயதினருக்கு, நன்றாகத் தெரியும். படுத்திருக்கும்போது எண்ணிவிட்டு எழுந்து நின்று எண்ணினால் துடிப்புக் கூடியிருக்கும், ஏனென்றால் ரத்தம் கால்பக்கம் இறங்கியதைக் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் சில நொடியில் கண்டுபிடித்து மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. கழுத்தில் நாடி பார்த்தால் ஒரு பக்கம் மட்டும், லேசாக. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது.

புறங்கையில் சிரை புடைத்துத் தெரிகிறவர்கள் வில்லியம் ஹார்வி 1628-ல் தன் புத்தகத்தில் காட்டிய சோதனையையே செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டுச் சிரை நிரம்பியதும், ஒரு விரலால் அதை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து இதயம் இருக்கிற திசையில் ரத்தத்தை வழித்துவிடுங்கள். வழித்த விரலை எடுத்தாலும் அந்தத் துண்டு காலியாகவே இருக்கும், வால்வு ரத்தத்தைத் திரும்பி வரவிடாது. முதலில் அழுத்திய விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். ரத்தம் ஒரே திசையில் சுற்றிவருகிறது என்று உலகத்துக்குப் புரியவைத்த சான்றுகளில் இது ஒன்று, இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

அசைவம் புழங்குகிற வீடு என்றால் அடுத்த ஆய்வுக்கூடம் கறிக்கடை. ஆட்டு இதயத்தைக் கீறாமல் முழுசாக, மேலே இருக்கிற குழாய்களோடு கேட்டு வாங்குங்கள், முன்கூட்டியே சொன்னால் கடைக்காரர் எடுத்து வைப்பார். நம் இதயம் மாதிரியே நாலு அறை. கையில் அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருக்கிற பக்கம் இடது, தொளதொளவென்று இருப்பது வலது. அறுப்பதற்கு முன்னால் பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், கிழியாமல் கிடைத்திருந்தால் அரைச்சந்திர வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கி நிற்கும். பிறகு அறுத்தால் சுவரின் தடிமன் வித்தியாசமும், வால்வு இதழ்களைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் வெள்ளை நாண்களும் தெரியும். அந்த நாண்களை ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்தவர்களுக்கு வால்வு ஏன் பின்பக்கமாகப் புரண்டுவிடுவதில்லை என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் கத்தியைத் தொடாதீர்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சிறுநீரகத்தையும் நீளவாக்கில் அறுத்துப் பார்க்கலாம், வெளிப்பட்டையும் உள்பகுதியும் நிறத்திலேயே பிரிந்து தெரியும். கடையில் சுவரொட்டி என்று தருவதுதான் மண்ணீரல். இரைப்பை மட்டும் நமக்கு ஒத்துவராது, ஆட்டுக்கு அது நாலு அறை.

முப்பரிமாணச் செயலிகள் நல்லவைதான், உறுப்புகள் ஒன்றின் பின்னால் ஒன்று எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைக் காட்ட அவற்றை விட்டால் வழியில்லை. ஆனால் அவற்றில் எல்லாமே சுத்தமாக, தனித்தனி நிறத்தில் இருக்கும், நிஜ உடம்பு அப்படி இல்லை. நிஜத்தையும் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. டாக்டரிடம் கேட்க நேரம் கிடைப்பதில்லை. சிறுநீரகம் என்ன செய்கிறது என்று அடிப்படையிலிருந்து எனக்குப் புரிய வேண்டும். இளநீர் கூடாது என்கிறார்கள், ரத்தம் ஊற ஊசி போடுகிறார்கள், எதற்கும் எதற்கும் சம்பந்தம் என்று தெரியவில்லை.
– வாசகர், நாகர்கோவில்

தம்பி, உங்களுக்குப் படிக்கக் காரணம் இருக்கிறது, அதனால் மற்றவர்களைவிட வேகமாகப் படித்துவிடுவீர்கள். அப்பா நலமாக இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தைக் கழிவை வெளியேற்றும் உறுப்பு என்று மட்டும் நினைத்தால் நீங்கள் எழுதிய எதுவும் ஒட்டாது. அது செய்கிற காரியம் வேறு மாதிரி: ரத்தத்திலுள்ள நீரையும் அதில் கரைந்திருக்கிற சின்னப் பொருட்களையும் கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுவது சுமார் 180 லிட்டர், வெளியே போகிற சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவு. மிச்சம் அத்தனையும் உள்ளே திரும்பிவிடுகிறது. நம் உடம்பில் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, இருப்பதே மூன்று லிட்டர்தான், அப்படியென்றால் அதே பிளாஸ்மா ஒரு நாளில் சுமார் 60 தடவை வடிகட்டப்படுகிறது! ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் (கண்ணுக்குத் தெரியாத சின்ன வடிகட்டிகள்) இந்த வேலையை இரவும் பகலும் செய்கின்றன. டயாலிசிஸ் இயந்திரம் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல, இதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்ட முடியும். இடைப்பட்ட நாட்களில் சேர்வது சேர்ந்துகொண்டேதான் இருக்கும், தண்ணீருக்கு அளவு வைப்பது அதனால்தான்.

இளநீர் விஷயமும் அங்கேயே இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் கூடுதல் பொட்டாசியத்தை உடனே சிறுநீரில் தள்ளிவிடும், பழுதானது தள்ளாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் தசையின் மின்செயல் குழம்பி, துடிப்பு தாறுமாறாகி, நின்றே போகலாம். ஆரோக்கியமானவருக்கு நல்ல பானமாக இருப்பது உங்கள் அப்பாவுக்கு ஆபத்தாவது இப்படித்தான், அதில் ஒரு நாளைக்குக் குடித்தால் என்ன என்ற சலுகை வேண்டாம்.

ஊசி: எலும்பு மஜ்ஜை சிவப்பணு தயாரிக்க வேண்டுமென்றால் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் வேண்டும். வளர்ந்தவர்களில் அதைப் பெரும்பாலும் தயாரிப்பது சிறுநீரகம். சிறுநீரகம் கெட்டால் ரத்தசோகை வருவது இதனால், அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் இந்த ஹார்மோனின் செயற்கை வடிவம். வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகம்தான், எலும்பு பலவீனமாவது அந்த வழியாக.

அப்பாவின் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) வைத்திருந்தால், அவர் சம்மதத்தோடு மேலே லேசாக விரலை வைத்துப் பாருங்கள், ஒரு அதிர்வு ஓடுவது தெரியும். சிரை மேலாக இருக்கிறது, ஊசி போட எளிது, ஆனால் இயந்திரத்துக்குத் தேவையான வேகத்தில் அதில் ரத்தம் ஓடாது. தமனியில் வேகம் உண்டு, ஆனால் திரும்பத் திரும்பக் குத்தத் தோதில்லை. இரண்டையும் இணைத்துவிட்டால் தமனி ரத்தம் சிரைக்குள் பாய்ந்து, சில வாரங்களில் சிரை பருத்துச் சுவர் தடித்து டயாலிசிஸுக்குத் தயாராகிவிடும். அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள், நின்றுபோனால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். அந்தக் கையில் பி.பி. பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இப்போது பி.எஸ்சி. நர்சிங் முதல் செமஸ்டர். அனாடமி வகுப்பில் ஒரு வார்த்தை புரியவில்லை, அழுகையாக வருகிறது.
– மாணவி, விழுப்புரம்

அழாதேம்மா. தமிழில் படித்தது உனக்குப் பலம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19-ம் நூற்றாண்டிலேயே தமிழில் பாடம் நடத்தி, உடற்கூறு நூல்களைத் தமிழாக்கி, டாக்டர்களை உருவாக்கினார். விஷயம் எந்த மொழியில் புரிந்தாலும் புரிந்ததுதான்.

இப்படிச் செய்து பார். வகுப்புக்கு முதல் நாள் அந்தப் பாடத்தை 11-ம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் படித்துவிடு. மறுநாள் வகுப்பில் ஆங்கிலப் பெயரை மட்டும் பிடித்தால் போதும். அந்தப் பெயர்களும் முழுசு முழுசாக மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல, துண்டுகள் சேர்ந்தவை: நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், ஹெபட் என்றால் கல்லீரல், ஐட்டிஸ் என்றால் அழற்சி. நெஃப்ரைட்டிஸும் ஹெபடைட்டிஸும் வந்துவிட்டன அல்லவா? ஒரு ஐம்பது அறுபது துண்டு தெரிந்தால் பாதிப் புத்தகம் திறந்துவிடும்.

முதல் வாரத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது திசைகள். உடல் நேராக நின்று, உள்ளங்கை முன்னால் பார்த்தபடி இருப்பதாக வைத்துக்கொண்டுதான் எல்லாப் பெயரும். படத்தில் இடது என்றால் அந்த உடம்புக்கு இடது, பார்க்கிற உனக்கு அல்ல. நடுக்கோட்டுக்கு அருகே மீடியல், விலகி லேட்டரல், கை காலில் உடம்போடு சேர்கிற பக்கம் ப்ராக்ஸிமல், நுனிப் பக்கம் டிஸ்டல். இது குழம்பினால் பின்னால் எல்லாமே குழம்பும்.

கேள்வி: படிக்கும்போது புரிகிறது, பத்து நாளில் காணாமல் போகிறது. வயது 61. எவ்வளவு காலம் ஆகும்?
– ஓய்வுபெற்ற வாசகர், தஞ்சாவூர்

வயது காரணம் இல்லை ஐயா. திரும்பத் திரும்பப் படிப்பதும், கோடு போடுவதும், காணொளி பார்ப்பதும் படித்தது போன்ற திருப்தியைத்தான் தருகின்றன. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் இதயத்தை வரைந்து, ஒரு சொட்டு ரத்தம் வலது மேலறையில் நுழைந்து பெருந்தமனியில் வெளியேறும் வரை வாயால் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே மட்டும் புத்தகத்தைத் திறங்கள். மறுநாள் ஒருமுறை, நாலைந்து நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, பெட்டியும் அம்பும் போதும். அமெரிக்கக் கல்லூரிகளில் இதை இரண்டு செமஸ்டர் பாடமாக வைக்கிறார்கள், நீங்கள் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உடலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கு எல்லா நோயும் இருப்பதாகத் தோன்றுகிறது. இதயம் நடுவில் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடிக்கிறது. படிப்பதை நிறுத்திவிடவா?
– வாசகி, திருச்சி

நிறுத்த வேண்டாம், நோய்களைப் பற்றிப் படிப்பதை மட்டும் ஒத்திப்போடுங்கள். மருத்துவ மாணவர்கள் பலருக்கும் இது வருவதுண்டு. இயல்பான உடம்பு எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை முதலில் படியுங்கள்: ஓய்வில் நாடி 60 முதல் 100 வரை, தூங்கும்போது அதற்கும் கீழே. நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, அதன்பின் சின்ன இடைவெளி விழுவது நல்ல இதயத்திலும் நடக்கிறது, பெரும்பாலும் கவனிக்காமல் இருந்தோம், இப்போது கவனிக்கிறோம். ஆனால் நான் கடிதத்தைப் பார்த்துச் சொல்கிறேன், உங்களைப் பரிசோதித்து அல்ல. புத்தகம் படித்து நம்மை நாமே சோதித்து முடிவு சொல்லிக்கொள்வதும் சரியில்லை. அதனால் ஒருமுறை டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிடுங்கள். துடிப்பு விடுவதோடு தலைசுற்றலோ மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே போங்கள். ஈ.சி.ஜி. தாளைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் சின்ன மேடு மேலறைகளின் மின்கிளர்ச்சி, அடுத்த கூரான சிகரம் வெண்ட்ரிக்கிள்களுடையது, கடைசி மேடு அவை பழைய நிலைக்குத் திரும்புவது என்று புத்தகத்தோடு வைத்துப் பாருங்கள்.